சீனத்துத் திருக்கதலீச்சரம்

சிவமயம்

1. முன்னுரை

சீன தேயத்தின் தென்கீழ்க் கடற்கரையிலே சுவான்சௌ என்னும் பழம்பட்டினம் ஒன்று உளது. அரபிய வணிகர் அதனைச் சைத்தூன் என வழங்கினர். அப்பட்டினத்தில் 1956-ஆம் ஆண்டில் தமிழெழுத்துப் பொறித்த கல்லொன்று வெளிப்பட்டது. சகம் 1203, அஃதாவது கிறித்து ஆண்டு 1281-இல், அங்கு ஒரு சிவாலயத்தில் இறைவன் எழுந்தருளுவிக்கப்பெற்ற செய்தியை அக்கல் கூறுகின்றது. சைவ உலகத்தார் அறிந்து மகிழ்தற்குரிய செய்தி இதுவாம். ஆயினும் மகிழ்ச்சி மிகுதியால் கல்லிற் கூறாததனையும் கல்லின்மேல் ஏற்றிக் கூறும் வழக்கம் நம்மிடையே பெருகி வருதலின், அதன் மெய்ப்பொருள் இன்னதென வரையறுத்தல் ஈண்டு வேண்டப்படுவதாயிற்று.

இக்குற்றம் பிறர்மேற் சுமத்தற்குரியதன்று. சில்லாண்டுகட்கு முன்னர் யான் ஒரு சைவப் பேரவையில் பேசுழி, சீனச் சக்கரவர்த்தி சைவம் புகுந்து சிவாலயம் எடுப்பித்தான் என்றும், அதற்கு இக்கல்லே சான்று என்றும் மொழிந்தேன். அவையினர் உவந்து ஆரவாரித்தனர். அவை கலைந்தபின், முன்னர் என்பாற் பாடங்கேட்ட மாணாக்கர் ஒருவர் தனித்து வந்து, கல்லின் வாசகம் எழுதிய தாள் ஒன்றை என் கையிற் கொடுத்து, "ஐயா, தாங்கள் அருளிய பொருள் இதன்கண் யாண்டுளது?" எனப் பணிவொடு வினவினார். அன்றிரவு அத்தாளை மும்முறை படித்தேன். யான் கூறிய பொருள் அதன்கண் இல்லை. யான் கூறாத வேறொரு பொருள், அதனினும் உயர்ந்தது, அதன்கண் இருந்தது. நாவினாற் செய்த பிழையை எழுத்தினால் தீர்த்துக் கோடல் கடனாதலின் இக்கட்டுரை எழுந்ததென்க.

2. பட்டினமும் காலமும்

தமிழ்நாட்டிற்கும் சீனத்திற்கும் இடையே கடல்வழி நெடுங்காலம் திறந்திருந்தது. சோழ மன்னர் விடுத்த தூதுக்குழுவினர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளிற் சீன அரசவையை அடைந்தனர் எனச் சுங் மரபினரின் வரலாற்றேடுகள் கூறும். சுவான்சௌவில் கடல்வாணிக மேற்பார்வைக்கென அரசாங்க அலுவலகம் 1087-இல் நிறுவப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டாகிய 1088-இல், இடைவழியிலுள்ள சுமத்திராத் தீவின் பாரூசு என்னும் துறையில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழ்க் கல்வெட்டொன்று நிறுத்தினர். இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, 1281-ஆம் ஆண்டின் கல் வழிதப்பி வந்த ஒருவர் விட்டுச்சென்ற தனிப்பொருள் அன்றென்பதும், இருநூறாண்டு நடந்த வழியில் நின்றதோர் அடையாளம் என்பதும் புலனாம்.

அக்கல் எழுந்த காலம் இரு நாட்டினும் அரசு மாறிய காலம். இங்கே மூன்றாம் இராசேந்திரனோடு 1279-ஐ ஒட்டிச் சோழர் ஆட்சி முடிவெய்தியது. 1268-இல் அரசுகட்டில் ஏறிய மாறவர்மன் குலசேகர பாண்டியன் தமிழகத்திற் பேரரசனாய் விளங்கினான். அங்கே மொங்கோலியர் தலைவனாகிய குப்லாய்கான், 1271-இல் தன் மரபிற்கு யுவான் எனப் பெயரிட்டு, 1276-இல் சுங் மரபினரின் தலைநகரைக் கைக்கொண்டான். அம்மரபின் இறுதிப் படை 1279-இல் கடற்போரில் அழிந்தது. சுவான்சௌவின் வாணிகத்தை நடாத்திவந்த பூ சௌகெங் என்பவர் மேனாட்டு இசுலாமிய மரபில் தோன்றியவர்; அவர் புதிய அரசின் பக்கம் சேர்ந்தமையால் பட்டினம் கானின் வசமாயிற்று.

புதிய அரசனும் கடல்வாணிகத்தை விரும்பினான். அவன் விடுத்த தூதராகிய யாங் திங்பி என்பார் 1281-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சுவான்சௌவினின்றும் கலம் ஏறி, மூன்று திங்கள் கடலிற் சென்று ஈழத்தை அடைந்தார். அவர் செல்லக் கருதியது கொல்லம். காற்று வாயாமையானும் உணவு குறைந்தமையானும் மாபார் எனப்பட்ட பாண்டி நாட்டுக் கரையில் இறங்கினார். ஆகவே கானின் தூதர் தமிழ்க்கரையை நாடி வந்த இளவேனிலிலேயே, கானின் பட்டினத்தில் தமிழர் ஒருவர் சிவபெருமானை எழுந்தருளுவித்தார் என்பது பெறப்படும். பின்னர் 1292-ஐ ஒட்டி இத்துறையினின்றே புறப்பட்டுப் பாண்டி நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அலெக்சாந்திரியாவிற்கு மிளகு ஏற்றிச் செல்லும் கலம் ஒன்றாயின் சைத்தூனுக்குச் செல்வன நூறு என்று எழுதினார். அத்துணைப் பெருந்துறை அது.

3. கல்லின் செய்தி

கல்லின் வாசகம் மிகச் சிறிது. தமிழ் வரிகளின் இறுதியில் சீன எழுத்து வரியொன்றும் உளது. அதன் பொருளைத் தொகுத்துக் கூறுதும்: சகம் 1203, சித்திரைத் திங்கள், சித்திரை நாளில், செகசைகான் என்னும் அரசனது திருமேனி நன்றாதற்பொருட்டு, அவனது பர்மான்படி, தவச்சக்கரவர்த்திகளாகிய சம்பந்தப்பெருமாள் என்பார், திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை ஏறியருளப் பண்ணினார் என்பதாம். செகசைகான் என்றது குப்லாய்கானையே என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். கோயிலின் பெயரைக் கானீச்சரம் எனப் படிப்பாரும் உளர். அதுவே பாடமாயின், இராசராசேச்சரம் என்றாற்போல ஆள்வோன் பெயரால் அமைந்த ஈச்சரம் என்று கொள்ளல் தகும்.

இனிச் சொற்களை நோக்குவாம். சகாப்தம் வடமொழி வழக்கு. கான் என்பது மொங்கோலியர் பட்டம். பர்மான் என்பது அரசாணை எனப் பொருள்படும் பாரசீகச் சொல். ஈற்றில் நிற்பது சீன வரி. இவையனைத்தும் ஒரு சிறு தமிழ்க் கல்லிற் கூடியுள்ளன. சுவான்சௌவின் கடைத்தெருவில் எவ்வெம்மொழியினர் தோள் உரச நடந்தனர் என்பதனை நெடிய வரலாற்று நூலினும் இக்கல் சுருங்கக் காட்டுகின்றது. பர்மான் என்னும் சொல்லைத் தமிழாக்காது அவ்வாறே பொறித்தமை, அச்சொல் அங்கு வாழ்ந்த தமிழர்க்கு நாடோறும் வழங்கும் சொல்லாயிருந்தமையைப் புலப்படுத்தும்.

திருமேனி நன்றாக என்னும் தொடரே ஈண்டுச் சிறப்பாகக் கருதற்பாலது. இது பாண்டியர் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் பயின்றுவரும் மரபுத் தொடர். அரசன் நோயின்றி நெடிது வாழ்தற்பொருட்டு அடியார் ஒருவர் விளக்கோ, நந்தவனமோ, திருவிழாவோ அமைப்பாராயின் அத்தொடர் அங்கே வரும். தமிழ் வேந்தர்க்கு உரித்தாய் வழங்கிய அவ்வாழ்த்துச் சொல்லைத் தமிழறியாத ஒரு மொங்கோலிய மன்னனுக்குச் சம்பந்தப்பெருமாள் வழங்கினார். கான் சிவனை வழிபட்டான் என்னும் சொல் கல்லில் இல்லை. கோயில் எடுப்பித்தான் என்னும் சொல்லும் இல்லை. அவன் ஆணை தந்தான், அடியார் வழிபட்டார், வழிபாட்டின் பயன் அவனுக்கென வேண்டப்பட்டது. கல் கூறுவது இவ்வளவே.

4. மெய்கண்ட சந்தானமும் இக்கல்லும்

இக்கல்லின் ஆண்டைச் சித்தாந்த சாத்திரங்களின் காலத்தோடு வைத்து நோக்குதல் நம்மனோர்க்கு இன்றியமையாதது. மெய்கண்ட தேவர் சிவஞானபோதம் அருளியதும், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் இயற்றியதும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகள். உமாபதி சிவாசாரியார் சங்கற்ப நிராகரணத்துட் குறித்த ஆண்டு சகம் 1235, அஃதாவது 1313. எனவே திருக்கதலீச்சரக் கல், சங்கற்ப நிராகரணத்திற்கு முப்பத்திரண்டு ஆண்டு முற்பட்டது. பெண்ணைக்கரையினும் தில்லையினும் சித்தாந்தம் நூல்வடிவு எய்திக் கொண்டிருந்த நூற்றாண்டிலேயே, கீழ்கடலின் கோடியில் சைவர் ஒருவர் இறைவனை எழுந்தருளுவித்தார்.

சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் உலகாயதரையும், நால்வகைப் பௌத்தரையும், பிறரையும் வரிசையாக நிறுத்தி அவரவர் கொள்கையைக் கூறி மறுக்கின்றார். குப்லாய்கானோ திபேத்து நாட்டுப் பௌத்த குருவாகிய பக்பா என்பாரை அரச குருவாகக் கொண்டவன். ஆகவே பரபக்கத்தில் மறுக்கப்பட்ட புறச்சமயம் ஒன்றினைத் தழுவிய மன்னன் திருமேனிக்கே சீனத்துச் சைவர் நலம் வேண்டினார். நூலும் கல்லும் ஒரே நூற்றாண்டின. அவை தம்முள் முரணுமோ என்பதே இனி ஆராயற்பாலது.

5. தடையும் விடையும்

அற்றேல், புறச்சமயத்தான் பொருட்டுச் சிவலிங்கம் தாபித்தல் சைவ ஒழுக்கத்திற்கு இழுக்காகாதோ? அரசன் அருள் பெற்று வாணிகம் பெருக்குதற்குச் செய்த உலகியல் உபாயம் என்று இதனைத் தள்ளுதல் ஆகாதோ எனின், ஆகாது. அதற்குக் காரணம் மூன்று கூறுதும்.

முதலாவது, சிவாகமங்கள் பூசையை ஆன்மார்த்தம், பரார்த்தம் என இருவகையாக வகுக்கும். தன் பொருட்டுத் தன் இல்லத்தில் ஒருவன் இயற்றுவது ஆன்மார்த்தம். ஆலயத்தில் நிகழ்வது பரார்த்தம்; அஃது அரசனுக்கும் நாட்டிற்கும் எல்லா உயிர்கட்கும் நலம் பயப்பது. பரார்த்த பூசையின் பயன் தீக்கை பெற்றார்க்கே உரித்தென வரையறுக்கப்படவில்லை. மழை சைவன் வயலிலும் பிறன் வயலிலும் ஒப்பப் பெய்தல் போல்வது அது. ஆதலின் தான் வாழும் நாட்டை ஆள்வோன் நலம் கருதி ஆலயம் அமைத்தல் ஆகம நெறியேயாம்.

இரண்டாவது, பிற கொள்கைகளை மறுத்த அருணந்தி சிவாசாரியாரே, எத்தெய்வத்தைக் கொண்டு வழிபடுவார்க்கும் அத்தெய்வமாய் நின்று அருள்பவன் சிவபிரானே என்னும் பொருளைச் சுபக்கத்தில் நிறுவினார். கொள்கையை மறுத்தல் வேறு. கொண்டாரை வெறுத்தல் வேறு. பரபக்கம் மட்டும் ஓதிச் சுபக்கம் ஓதாதார்க்கே இவ்விரண்டும் ஒன்றெனத் தோன்றும்.

மூன்றாவது, எழுந்தருளுவித்தவர் தாங்கிய திருப்பெயரை நினைக. திருஞானசம்பந்தப் பிள்ளையார் பாண்டியன் வெப்பு நோயைத் திருநீற்றாற் போக்கியபோது அவன் யாவன்? சமணத்தைத் தழுவி நின்றவன் அன்றோ! அவன் சைவனாக மாறுக, பின்னர் நோய் தீர்ப்பேன் எனப் பிள்ளையார் கூறினாரல்லர். நோய் தீர்ந்தது முன். மனம் திரிந்தது பின். அப்பெயர் பூண்ட ஒருவர், வேறு சமயத்து மன்னன் ஒருவனது திருமேனி நன்றாதற்கு இறைவனை வேண்டினார் என்பது மரபிற்கு முரணாகாமை இதனாற் பெறப்படும். பிள்ளையாரை நினைந்தே அவர் இது செய்தார் எனக் கல்லின்மேல் யான் ஏற்றிக் கூறுகின்றேன் அல்லேன். முன்னொருகால் அங்ஙனம் ஏற்றியதற்கே இப்போது கழுவாய் தேடுகின்றேன். மரபு இதற்கு இடந்தருகின்றது என்பதே ஈண்டுக் கருத்து.

இனி, வாணிக நலம் கருதியிருப்பின் வழிபாடு மாசுபடும் என்பார்க்கும் ஒரு சொல். தமிழ்நாட்டுக் கோயில்களில் எரிந்த நந்தா விளக்குகளுட் பல வணிகர் வைத்த ஆட்டினாலும் பொன்னினாலும் எரிந்தன. அவர்தம் வாணிகம் செழிக்க வேண்டுமென்று நினைந்திலர் எனக் கூறுதல் ஒல்லுமோ? பொருளீட்டச் சென்ற இடத்தும் இறைவனை மறவாமையே ஈண்டுப் பாராட்டற்பாலது.

6. கோயிலின் பிற்கால நிலை

திருக்கதலீச்சரம் இன்று இல்லை. 1357 முதல் 1366 வரை சுவான்சௌவில் பாரசீகப் படையினர் கிளர்ந்தெழுந்து பெருங்கலகம் விளைத்தனர். அஃது அடங்கியபோது அயல்நாட்டார் குடியிருப்புக்கள் பேரழிவுற்றன. 1368-இல் மிங் மரபினர் அரசெய்தினர். 1371-இல் தனியார் கடல்வாணிகம் தடை செய்யப்பட்டது. கலங்கள் வாராதொழியவே தமிழ் வணிகர் குடியும் குன்றியது, வழிபாடும் நின்றது.

ஆயின் கற்கள் எஞ்சின. அப்பட்டினத்தில் 686-இல் தோன்றிய கையுவான் என்னும் பௌத்தப் பெரும்பள்ளி உளது. அதன் பெருமண்டபத்தின் பின்புறத்தே தமிழகத்துச் சிற்பநெறியில் அமைந்த பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. நரசிங்க மூர்த்தியும், கண்ணன் திருவிளையாடலும், பிறவும் அவற்றிற் செதுக்கப்பட்டுள்ளன. மண்டபத்தின் அடித்தளத்தில் சிங்க வடிவமும் மனிதத்தலைச் சிங்க வடிவமும் பொறித்த 73 கற்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. மிங் காலத்துத் திருப்பணியில், சிதைந்த கோயிலின் கற்களைக் கொண்டுவந்து பௌத்தப் பள்ளியில் வைத்தனர் என்பர். யானை சிவலிங்கத்தை வழிபடும் சிற்பமும், ஆவொன்று சிவலிங்கத்தின்பால் நிற்கும் சிற்பமும் அப்பட்டினத்திற் கிடைத்தன. ஆனைக்காவின் வரலாறும், ஆ பால்சொரிந்த தலங்களின் வரலாறும் அறிந்தார்க்கு இவற்றின் பொருள் விளங்கும். அங்குள்ளார்க்கு அவை நெடுங்காலம் பொருள் புலனாகாத உருவங்களாகவே இருந்தன.

நகரின் மதில் இடிக்கப்பட்ட காலத்தே, வெளிப்பட்ட இத்தகைய கற்களை வூ வென்லியாங் என்னும் ஆசிரியர் ஒருவர் தேடித் தேடிச் சேர்த்துக் காத்து, 1957-இல் நூலாக வெளியிட்டார். இசுலாமியர், கிறித்தவர், மானி மதத்தினர், நம்மவர் ஆகிய எல்லோருடைய கற்களையும் அவர் ஒப்பக் காத்தார். தம் சமயத்தின அல்லாத கற்கள் என அவர் விடுத்திருப்பின் நாம் இழந்தது பெரிதாகும். சம்பந்தப்பெருமாள் கானின் திருமேனிக்கு நினைந்த நன்மை, எழுநூறாண்டு கழித்துச் சீனர் ஒருவர் கையால் நமக்கு மீண்டதோ என எண்ணத் தோன்றுகின்றது.

7. காலித்துறைக் கல்

இக்கல்லிற்கு மறுதலையாய்ச் சீனர் தமிழில் நிறுத்திய கல்லும் ஒன்று உண்டு. ஈழத்தின் தென்கரையிலுள்ள காலித்துறையில் 1911-இல் அது கண்டெடுக்கப்பட்டது. கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. மிங் மரபின் யுங்லோ என்னும் பேரரசன் ஆணையால் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்தது அது. அதன் ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. சீனப் பகுதி புத்தர்க்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார்க்கும், பாரசீகப் பகுதி இசுலாமியர் வழிபடும் இறைவனுக்கும் காணிக்கை கூறும். பொன், வெள்ளி, பட்டு, நறும்புகை, எண்ணெய் எனக் காணிக்கைப் பொருள்கள் மூன்றிடத்தும் பெரும்பாலும் ஒத்துள்ளன.

நாயனார் என்னும் சொல் கண்டு இவரையும் சிவபெருமான் எனத் துணிவார் உளர். தேனவரை நாயனார் தெவிநுவரையில் எழுந்தருளிய திருமால் என்பதே ஆராய்ச்சியாளர் முடிபு. அக்கோயிலைப் போர்ச்சுக்கீசியர் 1588-இல் அழித்தனர். மேலும், மும்மொழியில் வழிபாடு செலுத்திய அக்கடற்படைத் தலைவரே, அப்பயணத்தின் இறுதியில், 1411-இல், ஈழத்துத் தலைவனாகிய வீர அளகேசுவரனோடு பொருது அவனைச் சிறைப்பிடித்துச் சீனம் கொண்டுசென்றார். காணிக்கையும் படையும் ஒரே கலத்தில் வந்தன. அயலவர் நம் தெய்வத்திற்குச் செய்த சிறப்பினைக் கூறும்போது இதனையும் உடன் கூறுதலே நடுவுநிலைமையாம்.

8. கல்லும் மரபும்

சீனத்தில் கல் எஞ்சியது; வழிபாடு எஞ்சவில்லை. இதற்கு எதிர்நிலையைத் தாய்லாந்தில் காண்கின்றோம். பாங்காக்கு நகரில் 1784-இல் அமைந்த தேவத்தானம் என்னும் கோயிலில், அரசவைப் பிராமணர் மார்கழியை ஒட்டித் திரியம்பாவாய் திரிபாவாய் என்னும் விழாவினை நடாத்துகின்றனர். அப்பெயர் திருவெம்பாவை திருப்பாவை என்பதன் திரிபே. விழாவில் நிகழ்ந்த பேரூசலாட்டு 1935-இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் கோயிலினுள்ளே ஓதுதல் நிற்கவில்லை. அங்கு ஓதப்பெறுவனவற்றுள் திருவெம்பாவைப் பாடல்கள் உள்ளன என்பதனைத் தமிழறிஞர் கண்டு காட்டினர். ஒலி மிகத் திரிந்துவிட்டது, ஓதுவார் பொருளறியார், எனினும் தந்தை ஓதியதனை மைந்தன் ஓதுகின்றான்.

சீனத்திற் கருங்கல்லாற் கோயில் எடுத்தனர். ஓதுவித்து நிலைநிறுத்தும் மாணாக்கர் பரம்பரை அங்கு வேரூன்றவில்லை. கலம் வரும்வரை கோயில் வாழ்ந்தது. தாய்லாந்தில் பரம்பரை இருந்தது. பொருள் உணர்த்தும் ஆசிரியர் தொடர்பு அற்றது. ஆகவே ஒலி மட்டும் வாழ்கின்றது. கோயில், ஓதும் பரம்பரை, பொருளுணர்த்தும் ஆசிரியத் தொடர்ச்சி ஆகிய மூன்றும் ஒருங்கு நின்றாலன்றிச் சமயம் முழுமையாக வாழாது. திருமடங்களை நிறுவிய நம் முன்னோர் இம்மூன்றனையும் ஓரிடத்தே பிணித்து வைத்தமையின் அருமை, அப்பிணிப்பு அறுந்த இடங்களைக் கண்டபோதுதான் அடியேற்குப் புலனாயிற்று.

9. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், சீனத்துக் கல் வெற்றிக்கு நட்ட தூண் அன்றென்பது தெளிவாம். ஆட்சியில்லாத இடத்தில், படையில்லாத நிலையில், அயல்மன்னன் இசைவு பெற்று, அவன் நலத்தையே வேண்டி எழுப்பிய வழிபாட்டின் சான்று அது. சக்கரவர்த்தி சைவனானான் என யான் முன்னர்ப் பேசியது அவையை மகிழ்வித்தது. அதனை ஈண்டு மீட்டுக்கொள்கின்றேன். அவ்வுரையில் யான் கானைப் பெரியவனாக்கிச் சம்பந்தப்பெருமாளை மறந்தேன். கல்லோ அடியாரை நடுவில் வைத்தது.

இன்றும் நம்மவர் பற்பல நாடுகளிற் சென்று வாழ்கின்றனர். சென்ற இடமெல்லாம் கோயில் எடுக்கின்றனர். அவர்க்கு இக்கல் கூறும் அறிவுரை இரண்டு. புகலளித்த நாட்டின் நலத்தையும் அந்நாட்டை ஆள்வோர் நலத்தையும் உங்கள் பரார்த்த பூசையில் நினைமின்; அது நம் பழைய நெறி. கோபுரத்திற்குச் செலவிடுவதன் ஒரு பகுதியையேனும் பிள்ளைகட்குத் திருமுறையையும் அதன் பொருளையும் ஓதுவித்தற்குச் செலவிடுமின். அது செய்யாவிடின் நுங்கள் தூண்களும் ஒருநாள் பிறர் மண்டபத்தின் பின்புறத்தே பொருளின்றி நிற்கும்.

தாள் கொணர்ந்து பிழை காட்டிய மாணாக்கர்க்கு என் நன்றி உரித்து. ஆசிரியன் பிழையை ஆசிரியன் செவியில் மட்டும் கூறிய அவரது பண்பு, சித்தாந்தம் கற்றார்க்கு அணியாவது.

திருச்சிற்றம்பலம்.